எழுத்து எறும்பாகத் தெரிகிறதா? இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு

காரைக்குடியில் தேன்குழலும் மணகோலமும் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு வீடு. முகப்பில் மேசை போட்டு அங்கே ஓர் அண்ணன் கணக்கு எழுதுகிறார். கணினிப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் போன மாதம் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரரின் மகன் சிங்கப்பூரிலிருந்து புது லேப்டாப் வாங்கி வந்திருக்கிறார். 14 அங்குலத் திரை, படம் கண்ணாடி போலத் தெளிவு. ஆனால் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பில் போடும் மென்பொருளை அதில் திறந்தால் எழுத்தெல்லாம் கடுகு. அருகிலேயே பழைய 24 அங்குல மானிட்டர் இருக்கிறது. “பெரிய திரைக்கு இழுத்தால் பெரிதாகிவிடும் என்று பார்த்தேன் தம்பி, அங்கேயும் சிறிதாகத்தான் வருகிறது, போதாக்குறைக்கு மங்கலாகவும் இருக்கிறது” என்றார். 8 கிலோ மணகோலத்துக்கு 3 கிலோ என்று பில் போய்விட்ட பிறகுதான் எனக்கு ஆள் விட்டிருக்கிறார்.

இந்தக் கோளாறு அவருக்கு மட்டும் வருவதில்லை. லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரை இணைக்கிற யாருக்கும் வரும். கண் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸின் பட்டியல்களை (மெனு) ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் அவற்றில் உள்ள பெயர்களை ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதுகிறேன்.

ஏன் சிறுக்கிறது?

வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிறோம். கொத்தனாரிடம் “வாசலிலிருந்து 16 கல் அகலத்துக்குப் பூப்போட்ட கல்லைப் பதியுங்கள்” என்று சொல்கிறோம். 10 அங்குலக் கல்லாக இருந்தால் பதின்மூன்றேகால் அடிக்குச் சற்றுக் கூட வரும். அதே 16 கல், 4 அங்குலக் கல்லாக இருந்தால் ஐந்தேகால் அடியைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். சொன்னது தவறில்லை, கல்தான் சிறிது.

திரையின் கல்லுக்குப் பிக்சல் என்று பெயர். பழைய மென்பொருள், “இந்த எழுத்து 16 பிக்சல் உயரம்” என்றுதான் சொல்லும். 24 அங்குலத்தில் 1920க்கு 1080 பிக்சல் உள்ள மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். ஆகவே அந்த எழுத்து 4.4 மில்லிமீட்டர் உயரம் வரும். அண்ணனின் புது லேப்டாப்பில் 2880க்கு 1800 பிக்சலை 14 அங்குலத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். அங்குலத்துக்குச் சுமார் 243. அதே எழுத்து அங்கே 1.7 மில்லிமீட்டர்தான். அரிசியின் குறுக்களவு.

இதைச் சரிக்கட்டத்தான் விண்டோஸில் ‘ஸ்கேல்’ இருக்கிறது. அங்குலத்துக்கு 96 என்பதை அது 100 சதவீதமாக எடுத்துக்கொள்ளும். 200 சதவீதம் என்று வைத்தால், 16 பிக்சலில் வரைய வேண்டியதை 32 பிக்சலில் வரையும்படி மென்பொருளிடம் சொல்லும். கேட்கிற மென்பொருளுக்குத் தொல்லை இல்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, சில மென்பொருள்கள் “எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டுப் பிறகு ஒன்றும் செய்வதில்லை. இன்னொன்று, நீங்கள் உள்நுழையும் நேரத்தில் முதன்மைத் திரை எதுவோ அதன் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற திரைக்கும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் நிறைய. திரைக்குத் திரை தனி அளவு என்ற ஏற்பாடே 2013இல் விண்டோஸ் 8.1 வந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இரண்டு அளவுகோல் என்றால் என்னவென்றே தெரியாது.

அண்ணனின் பில் மென்பொருளுக்கு இந்த இரண்டு குணமும் உண்டு. லேப்டாப் முதன்மைத் திரை, ஸ்கேல் 200. மென்பொருளோ பெரிதாக்காமல் 16 பிக்சலிலேயே எழுதியது. பெரிய மானிட்டருக்கு இழுத்ததும் விண்டோஸ் என்ன நினைத்தது? “இது 200க்கு வரையப்பட்டது, இந்தத் திரை 100, ஆகவே பாதியாக்க வேண்டும்” என்று, ஏற்கெனவே சிறிதாக இருந்ததை இன்னும் பாதியாகச் சுருக்கிவிட்டது. 16 பிக்சல் 8 ஆனது. பெரிய திரையில் 2.2 மில்லிமீட்டர் எழுத்து, அதுவும் சுருக்கியதால் மங்கல். பெரிய திரை ஏமாற்றியதற்குக் காரணம் இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் சிறுத்திருக்கிறதா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் ஸ்கேலைத் திருத்தினாலே போதும். ஒன்றில் மட்டும் என்றால் அந்த மென்பொருளைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, விண்டோஸ் விசையையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ‘எக்ஸ்டெண்ட்’ தேர்வாகியிருக்க வேண்டும். ‘டூப்ளிகேட்’ என்று இருந்தால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். இரண்டுக்கும் ஒரே பிக்சல் கணக்கு, ஒரே ஸ்கேல் என்றாகிவிடும். அந்த நிலையில் தலைகீழாக நின்றாலும் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு வைக்க முடியாது.

படி 1: ஒவ்வொரு திரைக்கும் அதற்கான ஸ்கேல்

விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் ‘செட்டிங்ஸ்’ திறக்கும். ‘சிஸ்டம்’, அதற்குள் ‘டிஸ்ப்ளே’. மேலே 1, 2 என்று எண் போட்ட இரண்டு பெட்டிகள் தெரியும். எது எந்தத் திரை என்று குழப்பமாக இருந்தால் ‘ஐடென்டிஃபை’ பொத்தானை அழுத்துங்கள், அந்தந்தத் திரையில் அதன் எண் பெரிதாக வரும். பெட்டிகளை இழுத்து, மேசையில் திரைகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே வைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு பெட்டியைச் சொடுக்குங்கள். இதைச் செய்யாமல் கீழே மாற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. எந்தப் பெட்டி தேர்வாகியிருக்கிறதோ அந்தத் திரைக்குத்தான் மாற்றம் போகும். கீழே ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் சதவீதத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் தொடங்கும் அளவுகள் இவை: 24 அங்குலம், 1920க்கு 1080 என்றால் 100. பதினைந்தரை அங்குல லேப்டாப்பில் அதே 1080 என்றால் 125. 27 அங்குல 4கே மானிட்டருக்கு 150. அண்ணனுடையதைப் போன்ற 14 அங்குலத்துக்கு 200. அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு ஏற்ப ஒரு படி ஏற்றலாம், இறக்கலாம்.

தமிழில் வேலை செய்பவர்கள் ஒரு படி கூட்டி வைப்பது நல்லது என்பது என் கருத்து. ஆங்கில எழுத்து சிறுத்தால் சிறுத்த எழுத்தாக இருக்கும், தமிழ் எழுத்து சிறுத்தால் வேறு எழுத்தாகிவிடும். புள்ளி மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். கிகரத்துக்கும் கீகாரத்துக்கும் வித்தியாசம் ஒரு சுழி, அது நான்கைந்து பிக்சலில் நிற்பதில்லை. ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரியும்.

ஸ்கேலுக்குக் கீழேயே ‘ரெசல்யூஷன்’ இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். “எழுத்து பெரிதாக வேண்டும், அதனால் ரெசல்யூஷனைக் குறைத்தேன்” என்று என்னிடம் வருகிறவர்கள் பத்தில் ஆறு பேராவது இருப்பார்கள். குறைத்தால் எழுத்து பெரிதாகும், உண்மைதான். ஆனால் திரையில் உள்ள பிக்சல் எண்ணிக்கை மாறாது. குறைந்த பிக்சலுக்கு வரைந்த படத்தை மொத்தத் திரைக்கும் இழுத்துப் பிடிப்பதால் எல்லாமே கஞ்சி போட்டுத் தேய்க்காத வேட்டி மாதிரி ஆகிவிடும். ‘ரெகமெண்டட்’ என்று எது இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு கண்ணியும் அங்கே இருக்கிறது. ஸ்கேல் என்ற வரிக்குள்ளே போனால் ‘கஸ்டம் ஸ்கேலிங்’ என்று எண்ணை நாமே அடிக்கும் கட்டம் வரும். அதில் அடிக்கும் எண் எல்லாத் திரைக்கும் சேர்த்துப் போய்விடும். இரண்டு திரைக்காரருக்கு அது விஷம். தெரியாமல் வைத்துவிட்டால் அதே பக்கத்தில் கஸ்டம் ஸ்கேலிங்கை அணைக்கும் இணைப்பு இருக்கும், அதை அழுத்திவிட்டு வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

படி 2: முதன்மைத் திரையை மாற்றுதல்

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய மென்பொருள் ஒன்றுக்காகத் தலையை உடைத்துக்கொள்கிறவர்களுக்குப் பாதி வேளை இதுவே போதும்.

அதே டிஸ்ப்ளே பக்கத்தில் பெரிய மானிட்டரின் பெட்டியைச் சொடுக்குங்கள். கீழே ‘மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்’ என்ற பகுதியில் ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு கணினியிலிருந்து வெளியேறி, அதாவது ‘சைன் அவுட்’ செய்து, மறுபடி உள்நுழையுங்கள். மூடியைச் சாத்தித் திறப்பது போதாது. அளவு எடுக்கப்படுவது உள்நுழையும் கணத்தில்தான்.

அண்ணனின் மேசையில் இதைச் செய்தவுடன் நடந்ததைச் சொல்கிறேன். 24 அங்குலம் முதன்மை, ஸ்கேல் 100. பில் மென்பொருள் 16 பிக்சலில் எழுதியது, விண்டோஸ் சுருக்கவில்லை, எழுத்து 4.4 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பளிச்சென்று நின்றது. அதே சன்னலை லேப்டாப் திரைக்கு இழுத்தேன். இப்போது விண்டோஸ், “இது 100க்கு வரையப்பட்டது, இந்தத் திரை 200” என்று தானாகவே இரண்டு மடங்காகப் பெரிதாக்கியது. 3.3 மில்லிமீட்டர். கொஞ்சம் மங்கல், ஆனால் 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரிந்தது. அண்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மானிட்டரின் கேபிளைச் செருகிவிட்டுத்தான் உள்நுழைய வேண்டும். லேப்டாப்பைத் தனியாகத் திறந்து உள்நுழைந்துவிட்டு, காபி குடித்து வந்து கேபிளைச் செருகினால் பழைய கதைதான். அப்படி ஆகிவிட்டால் ஒருமுறை சைன் அவுட்.

படி 3: யார் மீது குற்றம் என்று பார்த்தல்

வழிகாட்டிகளில் அதிகம் சொல்லப்படாத ஒரு வசதி இது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கம் போங்கள். மேலே ‘நேம்’ என்று இருக்கும் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’. பட்டியலில் கீழே ‘டி.பி.ஐ. அவேர்னஸ்’ (டி.பி.ஐ. என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) இருக்கும், டிக் போடுங்கள்.

ஒவ்வொரு மென்பொருளும் தன்னைப் பற்றி விண்டோஸிடம் என்ன சொல்லியிருக்கிறது என்பது அந்தப் பத்தியில் தெரிந்துவிடும். ‘அன்அவேர்’ என்றால், ஸ்கேல் என்று ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட அப்பாவி. விண்டோஸே அதைப் பெரிதாக்கும். மங்கலாக இருக்கும், சிறிதாக இருக்காது. ‘சிஸ்டம்’ என்றால் முதன்மைத் திரையின் அளவை மட்டும் அறிந்தது. ‘பெர் மானிட்டர்’ என்றால் ஒவ்வொரு திரையையும் தனித்தனியாக அறிந்ததாகச் சொல்லிக்கொள்வது. எழுத்து எறும்பாகத் தெரியும் மென்பொருளைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் ‘சிஸ்டம்’ அல்லது ‘பெர் மானிட்டர்’ என்றுதான் இருக்கும். தெரியாதவனைவிடத் தெரிந்ததாகச் சொன்னவன்தான் இங்கே வம்பு.

படி 4: வேலையை விண்டோஸிடம் கொடுத்தல்

முதன்மைத் திரையை மாற்றியும் தீரவில்லை, அல்லது லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் போய் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்றால் இதுதான் வழி.

மென்பொருளை முழுவதுமாக மூடுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள அதன் ஐகானில் வலது கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ வழியாக உண்மையான நிரல் கோப்பு இருக்கும் இடத்துக்குப் போங்கள். அந்தக் கோப்பில் வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பேட்டிபிலிட்டி’ பக்கம், ‘சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்’ பொத்தான். திறக்கும் சிறு சன்னலின் அடிப்பகுதியில் ‘ஓவர்ரைடு ஹை டி.பி.ஐ. ஸ்கேலிங் பிஹேவியர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு, கீழே உள்ள பட்டியலில் ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓகே, மறுபடி ஓகே. மென்பொருளைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள். ‘அப்ளிகேஷன்’ என்றால் மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். எழுத்து மங்கலாக இருக்கிறது என்பவர்களுக்குத்தான் அது மருந்து. சிறுத்த எழுத்துக்கு அதைக் கொடுத்தால் நோய் முற்றும். ‘சிஸ்டம்’ என்றால் விண்டோஸ் படமாகப் பிடித்துப் பெரிதாக்கும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ 2017இல் விண்டோஸ் 10இன் ஒரு புதுப்பிப்போடு வந்தது. பழைய முறையில் எழுதும் மென்பொருள்களில் எழுத்தைப் படமாக இழுக்காமல் பெரிய அளவிலேயே வரையும், ஆகவே கூர்மையாக இருக்கும். வெறும் ‘சிஸ்டம்’ மங்கலாகத் தெரிந்தால் இதைப் போட்டுப் பாருங்கள். பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலோ, கட்டங்கள் கிழிந்தாலோ வெறும் ‘சிஸ்டம்’ போதும்.

அண்ணனின் மென்பொருளில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் எத்தனை முறை மாற்றியும் அசையவில்லை. அரை மணி நேரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அது ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. டெஸ்க்டாப்பில் இருப்பது வெறும் அழைப்புச் சீட்டு (ஷார்ட்கட்), உண்மையில் ஓடுவது ஜாவாவின் நிரல். ஜாவா 8 வரை விண்டோஸில் இந்தப் பெரிதாக்கும் வேலை ஒழுங்காக இல்லை, 2017இல் வந்த ஜாவா 9தான் அதைச் சரிசெய்தது. ஆனால் பழைய மென்பொருள்கள் இன்னும் 8ஐயே சுமந்துகொண்டிருக்கின்றன. இப்படிச் சந்தேகம் வந்தால், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸில் ‘ஜாவாடபிள்யூ’ என்ற வரியில் வலது கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ என்று கொடுங்கள். அங்கே காட்டும் கோப்புக்குத்தான் மேற்சொன்ன வைத்தியம். செய்தேன், ஒரே தட்டில் சரியானது.

அதே சன்னலின் மேல்பகுதியில் ‘ப்ரோக்ராம் டி.பி.ஐ.’ என்று ஒரு கட்டம் உண்டு. உள்நுழைந்தபோது இருந்த அளவைப் பிடித்துக்கொள்ளாமல், மென்பொருளைத் திறக்கும்போது முதன்மைத் திரையில் உள்ள அளவை எடுக்கும்படி அங்கே சொல்லலாம். காலையில் கடை, மாலையில் வீடு என்று கேபிளைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு உதவும்.

மங்கலாக இருப்பது பற்றி ஒரு வார்த்தை. பில் போடுகிறவருக்கு, கணக்கு எழுதுகிறவருக்கு, மங்கலான பெரிய எழுத்தே மேல் என்பேன். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவருக்கோ, கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடுகிறவருக்கோ அது சரிவராது. விண்டோஸ் இழுத்துப் பிடிக்கும்போது படமும் சேர்ந்து மங்கும். அவர்கள் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 5: மென்பொருளின் உள்ளேயே இருக்கும் அளவு

போட்டோஷாப்பின் இன்றைய பதிப்புகளில் ‘எடிட்’, ‘ப்ரிஃபரன்ஸஸ்’, ‘இன்டர்ஃபேஸ்’ என்று போனால் ‘யு.ஐ. ஸ்கேலிங்’ இருக்கிறது. மாற்றிவிட்டு மூடித் திறக்க வேண்டும். அச்சகங்களில் இன்னும் ஓடும் சி.எஸ்.6 பதிப்பில் விண்டோஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள், 100 சதவீதத்தில் இருக்கும் பெரிய மானிட்டரை முதன்மையாக வைத்து, அந்தத் திரையிலேயே வேலையை முடித்துக்கொள்வதுதான் நிம்மதி.

கண்ட்ரோல் விசையோடு மௌஸ் சக்கரத்தைச் சுழற்றினால் பெரிதாகிறதே என்பீர்கள். உலாவியிலும் எழுத்துச் செயலியிலும் அது உள்ளே இருக்கும் பக்கத்தை மட்டுமே பெரிதாக்கும். மேலே உள்ள பட்டியல்கள் அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’, ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்ற இடத்தில் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை ஏற்றலாம். இது எல்லாத் திரைக்கும் பொது. பழைய மென்பொருள்கள் இதை மதிப்பதில்லை. கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு விண்டோஸின் பட்டியல்களைப் படிக்க உதவும் என்ற அளவில் சரி.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: எக்ஸ்11 என்ற பழைய ஏற்பாட்டில் எல்லாத் திரைக்கும் சேர்த்து ஒரே அளவுதான் வழக்கம். உள்நுழையும் திரையில் வேலண்ட் என்ற ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்ப்ளே அமைப்பில் திரைக்குத் திரை தனி அளவு வைக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நான்காம் படியில் போடும் டிக் அந்தக் கோப்பு இருக்கும் முகவரிக்குத்தான். ஜாவாவையோ மென்பொருளையோ புதுப்பிக்கும்போது கோப்பு வேறு அடைவுக்குப் போனால் டிக்கும் போய்விடும், எழுத்து மறுபடி எறும்பாகும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், புதுக் கோப்பைத் தேடி மறுபடி டிக் போட்டால் போதும். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கணினியில் குறித்துக்கொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சிட்டையை எடுத்து, கடைசிப் பக்கத்தில், படி ஒன்று முதல் நான்கு வரை, முத்து முத்தான கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் கால் அங்குலம் வருகிற மாதிரி எழுதிக்கொண்டார்.